நாலு மணிக்கு வந்துடும்

தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், யாரும் குடிக்காத தண்ணீரைக் கொட்டுவது. இரண்டு கண்ணாடிக் கூஜா, பன்னிரண்டு தம்ளர். கூஜாக்களைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மூடி, தம்ளர்களைத் துடைத்துத் தட்டில் கவிழ்த்து வைப்பேன். அப்புறம் தொலைபேசி இரண்டையும் எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். டிஷ்யூப் பெட்டியில் மேல் தாளில் தூசி படிந்திருந்தால் உருவி எறிவேன். போர்வைகளை உதறி, முன்பு மடித்ததற்கு மாற்றி மடிப்பேன். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். கதவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. இந்தப் பக்கம் தள்ளினால் 'காலி', அந்தப் பக்கம் தள்ளினால் 'ஆள் உண்டு'. அதற்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய். முப்பது வருஷமாக அந்தத் தகடு 'காலி' என்றே இருக்கிறது. அதனால் என்ன, எண்ணெய் விடாமல் இருக்க முடியுமா?

நான் இந்த விமான நிலையத்தில் பயணிகள் வசதிப் பிரிவின் மேற்பார்வையாளர். கேட்க நன்றாக இருக்கும். கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நகரும் நடைபாதைப் பட்டை நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், தொலைந்துபோன பல்செட்டுக்கும் நான்தான். எழுபத்திரண்டு கழிப்பறை, பத்தொன்பது மின்தூக்கி, பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஆறு அறை, எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை, நாய்களுக்கென்று ஒரு புல்தரை. எல்லாம் பயணிகளுக்கான வரைபடத்தில் இருக்கின்றன. நான் தண்ணீர் மாற்றுகிற அறை மட்டும் இல்லை. வருகைக் கூடத்துக்கு மேல் மாடியில், குளிர்சாதனக் குழாய்கள் போகிற சந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்கீழ் வேலை செய்கிற பிள்ளைகள் அதை 'அக்கா ரூம்' என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதைப் பற்றிப் பேசினாலே கிண்டல்தான். "என்ன, என் சக்களத்தன் சௌக்கியமா?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போனவள் நான், அவர் அப்படிக் கேட்பதில் தப்பில்லை.

இந்த வருஷம் விமான நிலையத்துக்கு ஐம்பது. புது மேலாளர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பிள்ளைகள் அவருக்குப் 'பொன்விழா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்றால், "பொன்விழா வருஷத்துல குழாய் ஒழுகலாமா?" என்பார். கெட்ட மனிதரில்லை. என் இளைய மகள் வயசு, சுறுசுறுப்பு, தூக்கமில்லாத கண். பொன்விழா மலர் ஒன்று போட வேண்டும், அதில் வரலாறும் வசதிகளும் என்று முப்பது பக்கம் வேண்டும், பழைய ஆள் நீங்கள்தான் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எழுதினேன். ஆரம்பத்தில் இது புல்வெளி. விமானம் இறங்குவதற்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் போய் ஆடுகளை விரட்டிவிட்டு வருவார். அவர் பதவியின் பேர் 'தரை உதவியாளர்'. ஆடு விரட்டுகிறவர் என்று எழுதினால் நிர்வாகத்துக்குக் கௌரவக் குறைச்சல் அல்லவா. பிறகு தகரக் கொட்டகை, அதில் ஒரு தராசு. பெட்டியையும் நிறுப்பார்கள், ஆளையும் நிறுப்பார்கள். எடையை உரக்கச் சொல்லக்கூடாது என்று பெண் பயணிகள் மனு கொடுத்து, அதன்பேரில் ஒரு திரை போட்டார்கள். பிறகு செங்கல் கட்டடம் வந்தது. அதன் மொட்டை மாடியில் பார்வையாளர் மாடம் வந்தது. எங்கும் போகாதவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மாடத்தில் பெரிய கடிகாரம் ஒன்று, அதன் கீழே ஒரு புகைப்படக்காரர். உடனே படம் வெளியே வருகிற கேமரா வைத்திருப்பார், உதறி உதறிக் கையில் கொடுப்பார். அப்புறம் இரண்டாவது ஓடுதளம், இரண்டாவது முனையம், கண்ணாடிச் சுவர். இப்போது வருஷத்துக்கு இரண்டு கோடிப் பேர் வந்துபோகிறார்கள், ஆடு ஒன்றுகூட இல்லை.

இருபத்தெட்டாவது பக்கம் வரை நன்றாகத்தான் போனது. மேலாளர் படித்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார். அப்புறம் கட்டடத்தின் வரைபடத்தைப் பிரித்து வைத்து, பேனா முனையால் என் அறையைத் தொட்டார்.

"இது என்ன மேடம்? இருபத்திநாலு நாற்காலி, ரெண்டு கதவு. ஸ்டோரா?"

"உறவினர் அறை சார்."

"யாரோட உறவினர்?"

சொன்னேன். விமானம் வராமல்போனால், அதற்காகக் காத்திருக்கிறவர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்து உட்காரவைக்கிற அறை. அவர் பேனாவை மூடினார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை உபயோகப்பட்டிருக்கு?"

"ஒரு தடவையும் இல்ல சார்."

"முப்பது வருஷத்துல?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "தீயணைப்பு வண்டிகூடத்தான் மாசக்கணக்கா சும்மா நிக்குது. அதுல போய் யாராவது நாற்காலி போட்டு டீக்கடை வைக்கிறாங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. தூரப் பயணம் போகிறவர்களுக்கு உடம்பைப் பிசைந்துவிடுகிற நாற்காலிகள் போட்டு ஓய்வறை ஆக்க வேண்டும், பொன்விழா அன்றைக்குத் திறக்க வேண்டும், மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. "நான் ஒண்ணும் அரக்கன் இல்ல மேடம். ஏன் இந்த ரூம் வேணும்னு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நானே மேல பேசறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு அளவெடுக்க ஆள் வருது" என்றார்.

ஒரு பக்கம். முப்பது பக்கம் எழுதினவளுக்கு ஒரு பக்கம் என்ன பிரமாதம்? செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன், 'மேற்படி அறை' என்று எழுதி நிறுத்தினேன். புதன்கிழமை 'விசாரணைக் குழுவின் பரிந்துரையின்படி' என்று எழுதிக் கிழித்தேன். வியாழக்கிழமை பேனா மூடியைக் கடித்துத் துப்பினேன். அந்த அறை ஏன் வேண்டும் என்று உண்மையாக எழுத வேண்டுமானால், நான் செய்ததை எழுத வேண்டும். அதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் அந்தச் செங்கல் கட்டடத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வயசு இருபத்தாறு. வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். மலைநகரத்திலிருந்து காலையில் ஒரு சின்ன விமானம் வரும், நாற்பத்துமூன்று பேர், பத்து நாற்பதுக்கு இறங்க வேண்டும். அன்றைக்கு வரவில்லை. மழைக்காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கூடத்தில் தலைக்கு மேலே பெரிய பலகை. ஒவ்வொரு விமானத்துக்கும் நேராகத் தகடுகள் சடசடவென்று புரண்டு விழும். அதை மாடி அறையிலிருந்து இயக்குகிறவரைப் போர்டு அண்ணன் என்போம். நல்ல மனுஷன், எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் தருவார். அவரிடம் மொத்தம் நாலே நாலு சொல்தான் உண்டு. நேரப்படி, தாமதம், வந்தது, ரத்து.

பதினொன்றேகாலுக்குப் பணிநேர அதிகாரி கவுன்ட்டருக்குள் வந்து, என் பக்கத்தில் குனிந்து, தாள் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு சொன்னார். "அது வராதும்மா. மலைல மோதிடுச்சு. ஆனா ஆள் லிஸ்ட்டைச் சரிபார்த்துத் தலைமை ஆபீஸ்லேர்ந்து பேப்பர் வர்ற வரைக்கும் நம்ம வாயில வரக்கூடாது. யார் கேட்டாலும் தாமதம். அவ்வளவுதான்." அவர் போனதும் உள்தொலைபேசி அடித்தது, போர்டு அண்ணன்.

"தங்கச்சி, எதைப் போடறது? எங்கிட்ட இருக்கிறதே நாலு தகடு."

"தாமதத்துலயே இருக்கட்டுமாம் அண்ணே."

அவர் உடனே தொலைபேசியை வைக்கவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அந்த விமானத்துக்காகக் கூடத்தில் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் அரைமணிக்கு ஒரு தடவை என்னிடம் வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். இடுப்பில் நாலு வயசுப் பெண்குழந்தை. கணவர் வேலை விஷயமாக மலைநகரம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. "தங்கச்சி, ஏதாவது தெரிஞ்சுதா?" என்பாள். "தாமதம்தான்க்கா" என்பேன். போவாள், நாற்காலியில் உட்காருவாள், மறுபடி வருவாள். இரண்டு மணிக்கு அவள் ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ வந்தபோது குழந்தை தோளில் தூங்கிப்போயிருந்தது, அதன் வாயிலிருந்து ஒழுகி அவள் கழுத்தெல்லாம் ஈரம். "உங்களைத் தொந்தரவு பண்றேன்னு தெரியுது தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறாள், என்னிடம்!

"அக்கா, நாலு மணிக்கு வந்துடும்" என்றேன். "வீட்டுக்குப் போய்ப் பாப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வாங்க."

நாலு மணி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தாமதம் என்று சொல்லச் சொன்னது அதிகாரி, அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு, அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் பங்கு. நாலு மணி மட்டும் முழுக்க என்னுடையது. இரக்கத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது பொய். அந்த முகம் என் எதிரே வந்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்காகச் சொன்னேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. குழந்தையை எழுப்பி, "அப்பா நாலு மணிக்கு வந்துடுவாராம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தாள். குளித்துத் தலைவாரி, வேறு உடை உடுத்தியிருந்தாள். குழந்தைக்கு மஞ்சள் கவுன், தலையில் ரிப்பன். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு, இருவரும் மாடத்துக்கு ஏறிப் போனார்கள். நாலு இருபதுக்கு ஒலிபெருக்கியில் அந்த விமானத்துக்கு வந்தவர்களை மேலாளர் அறைக்கு அழைத்தார்கள். அவள் மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள். கவுன்ட்டரைக் கடக்கும்போது சிரித்த முகமாக, "வந்துடுச்சா தங்கச்சி?" என்று கேட்டாள்.

நான் குனிந்து, கீழே விழாத பென்சிலைத் தேடினேன்.

அந்த மேலாளர் அறையில் ஆறு பேருக்குமேல் நிற்க இடமில்லை. பாதிப் பேர் வராந்தாவில் நின்றுதான் செய்தியைக் கேட்டார்கள். வெளியே போக வருகைக் கூடம் வழியாகத்தான் வழி. அந்த நேரம் பார்த்து வேறு ஒரு விமானம் இறங்கி, கூடம் முழுக்கக் கட்டிப்பிடிப்பும் பூங்கொத்துமாக இருந்தது. அதன் நடுவில் புகுந்துதான் இவர்கள் போனார்கள். ஒரு வருஷம் கழித்து விசாரணைக் குழு அறுபது பக்க அறிக்கை கொடுத்தது. அதில் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, காத்திருப்போருக்கெனத் தனி அறை வேண்டும் என்று. அந்த அறையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். புது முனையம் கட்டினபோது சண்டை போட்டு அங்கேயும் ஒன்று வாங்கி, பழைய கதவின் தகட்டையும் கழற்றி மாட்டினேன். நாற்காலிகளை வரிசையாகப் போடக்கூடாது என்றேன். கடிகாரம் வைக்கக்கூடாது என்றேன். ஓடுதளம் தெரிகிற ஜன்னல் கூடாது என்றேன். கூடத்துக்குப் போகாமல் நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்க இரண்டாவது கதவு வேண்டும் என்றேன். ஏனம்மா என்று யாரும் கேட்கவில்லை. பொம்பளைக்கு ஏதோ கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. காகிதம் கொடுக்கவில்லை. மேலாளர் என்னைப் பார்த்தார், நான் நடைபாதைப் பட்டையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் மாற்றிவிட்டுக் கீழே வந்தேன். பொன்விழாக் கண்காட்சிக்காகப் பொதுமக்களிடம் பழைய புகைப்படங்கள் கேட்டிருந்தோம். சனிக்கிழமைகளில் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து வாங்கிவைப்பதும் என் வேலைதான். பத்து மணி இருக்கும். ஒல்லியாக, தலைமுடியை ஒட்ட வெட்டின ஓர் அம்மாள், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"படம் வாங்குறது இங்கதானா?"

"ஆமாம்மா, உக்காருங்க."

பைக்குள்ளிருந்து ஒரு புத்தகம், புத்தகத்துக்குள்ளிருந்து ஓர் உறை, உறைக்குள்ளிருந்து படம். "ஒண்ணுதான் இருக்கு. தபால்ல போடப் பயமா இருந்துச்சு. என் மகதான் குடுக்கச் சொன்னா. பீரோவுக்குள்ளயே எதுக்கும்மா வச்சிருக்கேன்னு ஒரே பிடிவாதம்."

எனக்கு முகம் தெரிவதற்கு முன்னால் மஞ்சள் கவுன் தெரிந்தது. மாடத்தின் கைப்பிடிச் சுவர். குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்நிறையச் சிரிக்கிற பெண். அவர்களுக்கு மேலே கடிகாரம், நாலு மணி ஐந்து நிமிஷம்.

"படத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதணும்னு போட்டிருக்கு" என்றாள், படிவத்தைப் பார்த்துக்கொண்டே. "வீட்டுக்காரர் வர்றார்னு எடுத்தது. அவர் வரல. ரெண்டு வரி ஆச்சா?"

சிரிக்கத்தான் முயன்றாள். நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

"இந்தக் கவுன்ட்டர் அப்ப பழைய கட்டடத்துல இருந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கும், பென்சிலைக் கடிச்சுக்கிட்டே" என்றாள் அவள். "அதுதான் எனக்கு நாலு மணிக்கு வந்துடும்னு சொல்லிச்சு. பாவம், அதுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சு அது எப்படித் துடிச்சிருக்கும்னு நான் எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். பாத்தா சொல்லணும்னு இருந்துச்சு, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மான்னு. இப்ப எங்க இருக்கோ, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். படத்தை வாங்கி, ரசீது கொடுத்து, பொன்விழாவுக்கு வாங்கம்மா என்று அனுப்பியிருக்கலாம். அவளும் அந்தப் பெண்ணை மன்னித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பாள். நான் இதை நல்லெண்ணத்தில் செய்தேனா, சுயநலத்தில் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கு இரண்டாவது தடவையாக ஒரு பொய்யைச் சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை என்பது மட்டும் தெரியும்.

"அக்கா, கொஞ்சம் என்கூட மாடிக்கு வர்றீங்களா?" என்றேன்.

அக்கா என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்தாள். மின்தூக்கியில் நாங்கள் இருவரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறைக்குள் அழைத்துப்போய் விளக்கைப் பாதி வெளிச்சத்தில் போட்டேன். நாற்காலியில் உட்காராமல் சுற்றிப் பார்த்தாள். போர்வைகளை, தொலைபேசிகளை, குழந்தைகளுக்காக வைத்திருக்கும் வண்ணப் பென்சில் டப்பாவை. இது எதற்கான அறை என்று சொன்னேன். அந்தக் கதவு நேராக வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போகும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று காட்டினேன்.

"அந்தப் பொண்ணு நான்தான்க்கா."

அவள் முகம் இளகிற்று. ஐயோ, அது இளகினதை நான் பார்த்தேன். கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்களா? அட ஆண்டவனே. நீங்க..."

"எனக்கு யாரும் தப்பாச் சொல்லல. எனக்குத் தெரியும்."

பிடித்த கை அப்படியே இருந்தது.

"என்ன தெரியும்?"

"விமானம் விழுந்தது தெரியும். நாலு மணின்னு நானாத்தான் சொன்னேன். நீங்க என் முன்னாடி நிக்கறதப் பாக்க முடியாம சொன்னேன்."

குளிர்சாதனக் குழாயில் காற்று ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். உதறவில்லை, எடுத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தாள்.

"எத்தனை மணிக்குத் தெரியும்?"

"பதினொன்னேகாலுக்கு."

விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. இரண்டில் விரல் நின்றது. "வீட்டுக்குப் போயி அவர் சட்டையை இஸ்திரி போட்டேன். வந்ததும் குளிச்சுட்டு மாத்திக்குவாருன்னு. காலர் சரியா வரலைன்னு தண்ணி தெளிச்சு மறுபடி போட்டேன். அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாப்பாவுக்கு ரிப்பன் கட்டினப்போ."

"தெரியும்க்கா."

"இந்தப் படம் எடுத்தப்போ."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் முப்பத்தோரு வருஷமாக நினைத்திருந்தேன். வார்த்தையும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னால், பதிலுக்கு அவளிடம் ஏதோ கேட்கிற மாதிரி ஆகிவிடும். எனக்குக் கொடுப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது?

"அன்னிக்கு இந்தக் கட்டடத்துல இருந்த அத்தனை பேரும் என்னை ஏமாத்தினாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் என்னை மாதிரியே ஏமாந்ததுன்னு நினைச்சேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "உங்களுக்காக எத்தனை வருஷம் வருத்தப்பட்டிருக்கேன்."

அப்படியே செத்துப்போய்விடலாம் என்று இருந்தது எனக்கு. சும்மா சொல்லவில்லை.

அவள் கையை நீட்டினாள். "படத்தைக் குடுங்க."

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள், பார்க்கவில்லை. "நீங்க வெளிய இருங்க" என்றாள்.

"அக்கா, ஏதாவது வேணுமா? மகளுக்கு போன் போட்டு..."

"ஒண்ணும் வேணாம். நீங்க வெளிய இருங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பித்தளைத் தகட்டைத் தள்ளினேன். எண்ணெய் விட்டது வீண்போகவில்லை, சத்தமில்லாமல் நகர்ந்து 'ஆள் உண்டு' என்று நின்றது. அந்த எழுத்துகள் இத்தனை வருஷம் வெளிச்சம் படாமல் கிடந்ததால் புதுசாக மின்னின. நான் கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

சொன்னபடி பதினோரு மணிக்கு மேலாளர் வந்தார். கூடவே அளவெடுக்கிறவர், இடுப்பில் பெரிய அளவு நாடா, காதில் பென்சில்.

"என்ன மேடம், பேப்பர் குடுக்கவே இல்லையே. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா?"

"உள்ள ஆள் இருக்காங்க சார்."

"ஆளா?" தகட்டைப் பார்த்தார். "யாரு?"

"மலைநகரத்துக் காலை விமானத்துக்கு வந்தவங்க."

"அங்கேருந்து காலைல நமக்கு சர்வீஸே இல்லையே மேடம், அதை நிறுத்தியே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மலரின் பத்தொன்பதாவது பக்கத்தில் 'வருத்தத்திற்குரிய ஒரு நிகழ்வுக்குப் பின் அச்சேவை நிறுத்தப்பட்டது' என்று நான்தான் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்து, சின்னதாக டிக் போட்டிருந்தார். இப்போது என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது சார்."

"சும்மா ஒரு கணக்குக்குக் கேக்கறேன். இவர் வேற இடத்துக்குப் போகணும். பதினஞ்சு நிமிஷம்? அரை மணி?"

அரை மணி என்று சொன்னால் போய்விடுவார். என்னைத் தனியாக விட்டுவிடுவார், எல்லோருக்கும் சௌகரியம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது சார்" என்றேன். "நேரம் சொல்ல மாட்டேன்."

அளவெடுக்கிறவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து நாடாவைக் கழற்றி, சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப்போனவர், சட்டைக்கையை இழுத்து அதை மூடிக்கொண்டார். எங்கள் காலடியில், கீழ்க்கூடத்தில், எந்த விமானமோ வந்து சேர்ந்ததற்கு யாரோ கைதட்டிச் சிரிக்கிற சத்தம் லேசாக வந்தது.

அப்போது உள்ளே கூஜாவின் மூடி எடுக்கப்படுகிற சத்தம் கேட்டது. கவிழ்த்து வைத்த தம்ளர் ஒன்று நிமிர்ந்தது. தண்ணீர் விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, இன்னொரு தம்ளரில் தண்ணீர் விழுந்தது. அது வராதவருக்கா, வெளியே நிற்கிற எனக்கா, தெரியவில்லை.